கனி பாய் எழுதிய வெளிச்சம்

பூந்தமல்லி உஸ்மான் கனி பாய் லாரிப் பலகையில் சூரியன் எழுதினால் சேவல் கூவும். ஆவடிப் பட்டாளத்துக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். எங்கள் அம்மா வடாம் காயவைக்க அந்த லாரியைத் தேடிப் போவாள். இதில் நான் கூட்டிச் சொன்னது கொஞ்சம்தான்.

அப்பேர்ப்பட்டவர் 1968 டிசம்பரில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அம்பத்தூரில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன மாதா கோயிலில், பீடத்துக்குப் பின்சுவரில் ஏசுநாதர் படம் கேட்டிருந்தார்கள். "முகம் மட்டும் எழுதமாட்டேன், எங்க மார்க்கத்துல ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் பாய் பிரஷைத் தொட்டார். பாதரும் "எழுதுங்க, பாக்கலாம்" என்றார். வேலை முடியப்போகும் வாரத்தில் அந்தப் 'பாக்கலாம்'தான் பாயைச் சாப்பிட விடவில்லை.

ஒரு மாத வேலை. ஏரி, கரையில் பனைமரங்கள், ஆளில்லாத படகு, அதில் ஒரு ரொட்டி. இடப்பக்கமிருந்து விடியல் வெளிச்சம் தண்ணீர்மேல் நடந்து வந்தது.

கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் சவரிராயன் சுவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"படகு கீது, பனமரம் கீது. ஆண்டவர் எங்க, பாய்?"

"தண்ணி மேல நடக்குதே அந்த வெளிச்சம், அவருதான்."

"ஞாயித்துக்கெழம பாதர் பாப்பாரு. புடிக்கலன்னா சுண்ணாம்பு அடிச்சுடுவோம். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாதீங்க என்றதும் பாய் பச்சைப் பெயிண்ட் பிரஷோடு தாடியைச் சொறிந்துகொண்டார். அவரிடம் தொழில் பழகிக்கொண்டு ஏணியைப் பிடித்திருந்த நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"இன்னாடா வேம்புலி, மொறைக்கிறே?"

"உங்க தாடியில பனமரம் ஒட்டிகினு கீது, பாய்."

ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால், நான் கூரை ஏறி இறங்கினேன்.

பூசை முடிந்து பாதர் சுவர்ப்பக்கம் திரும்பினார். பாய் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அப்போது வெயில் ஒரு கோடாக இறங்கிப் படகில் இருந்த ரொட்டிமேல் விழுந்தது. பாதர் ரொட்டிக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார்.

"சுவர் இப்படியே இருக்கட்டும்" என்றார் கடைசியில். உபதேசியார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும், "பாத்தீங்களா பாய், வானமே உங்களுக்கு சாட்சி சொல்லிச்சு" என்றேன்.

பாய் என் காதைப் பிடித்தார். மெதுவாகத்தான்.

"என் படகோட நெழலு வலப்பக்கம் உழுது. உன் வானம் வலப்பக்கத்துலருந்தே வெளிச்சம் அனுப்புது. ஒரு மாசமா அந்தச் செவுத்தாண்ட நிக்கிறேன், அங்கருந்து ஒரு பொட்டு வெயில் வந்ததில்ல. எத்தினி ஓடுடா நவுத்துனே?"

"ஒண்ணுதான், பாய்."