கொண்டையில் மூன்று பென்சில்

கொண்டையை முடிந்து அதில் மூன்று பென்சில்களைச் செருகுவதற்குள் ராமாமணி அக்கா மாடிப்படியில் பாதி ஏறியிருப்பார். கக்கத்தில் வாயகன்ற பாட்டில், தோளில் சோற்றுப் பை. வாசல் காவலாளி வணக்கம் சொன்னால் பதில் முதல் மாடியிலிருந்துதான் வரும். எங்கள் கட்டடத்தில் லிஃப்டும் இருக்கிறது. "அது வாரதுக்குள்ள நான் ரெண்டு தடவ ஏறி எறங்கிப்போடுவேனுங்க" என்பார். ஒருநாள் செய்தும் காட்டினார்.

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறையின் டெக்னீஷியன் அவர். உறுப்புகளை மெழுகில் பதித்து, இழை இழையாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவது அவர் வேலை. முதல் வருஷப் பிள்ளைகள் அதை நுண்ணோக்கியில் பார்த்துப் படிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறார். அதே துறையில் நான் டியூட்டர். அதாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்.

எந்த உறுப்பு கைக்கு வந்தாலும் பறப்பவர்தான். ஆனால் செரிமானச் சுரப்பி என்றால் அந்தப் பறப்பு இரண்டு மடங்காகும். அதிலும் கணையம். நாம் தின்ற சோற்றையும் பருப்பையும் கரைக்கிற சாறுகள் அதற்குள் இருக்கின்றன. உயிர் போனதும் அந்தச் சாறுகள் கணையத்தையே கரைக்கத் தொடங்கிவிடும். சட்டென்று கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடாவிட்டால் நுண்ணோக்கியில் கூழ்தான் தெரியும். "அது தன்னையே தின்னுபோடுமுங்க சார். நம்மாட்ட உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருக்குமுங்களா?" என்பார். 'நம்மாட்ட', அதாவது நம்மைப் போல, என்பது மரியாதைக்கு. பேப்பர் படிப்பவன் நான்.

மனிதக் கணையம் எங்கள் கைக்கு வருவதற்குள் கெட்டுவிடும் என்பதால் ஆட்டுக் கணையம். அதற்காக விடிந்ததும் உக்கடத்தில் யாகூப் பாயின் கறிக்கடைக்குப் போவார். முட்டைகூடத் தொடாதவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூடி திறந்த பாட்டிலோடு அறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். "ஏனுங்க பாய், சீக்கிரமுங்க, சூடு ஆறுதுங்க!" யாகூப் பாய் ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்: "அக்கா, அந்த ஆட்டுக்குக்கூட இத்தன அவசரம் இல்லீங்க." பாட்டிலில் போட்டதும் ஓட்டம். ஃபார்மலின் நெடிக்குப் பயந்து டவுன் பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போய்விடுவார். "இதோட புண்ணியத்துல எனக்கு எப்பவும் சீட்டு கெடைக்குமுங்க. ஆனா உக்கார முடியறதில்லீங்க" என்பார். பஸ் ஊர்கிறதே என்று நின்றுகொண்டே வருவார்.

அவர் மெழுகுக் கட்டியைச் சீவத் தொடங்கினால் அறையில் மின்விசிறி ஓடக் கூடாது. மெழுகு நாடா வெங்காயத் தோலைவிட மெல்லியது. மூச்சு பட்டாலே பறந்துவிடும். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லோரும் சட்டை நனைய உட்கார்ந்திருப்போம். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். நாடா அறுந்தால் அவர் வீட்டுப் பாஷையான தெலுங்கில் வசவு விழும். அது இயந்திரத்துக்கா எனக்கா என்று இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானச் சோறு நின்றபடியே நாலு கவளம். எச்சிலில் என்ன இருக்கிறது, வயிற்றுச் சுவரில் எந்தச் செல் அமிலம் சுரக்கிறது, எல்லாம் எங்களைவிடத் தெளிவாகச் சொல்வார். ஆனால் அவர் வயிற்றுக்கு வேலை செய்ய ஐந்து நிமிஷம்கூடக் கொடுத்ததில்லை. இடுப்புச் சுருக்குப் பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை எப்போதும் இருக்கும். "மெதுவாச் சாப்பிடுங்கக்கா" என்றால், "நான் மென்னுட்டு இருந்தா மெழுகு ஆறிப்போகுமுங்க" என்று அதற்கும் பதில் வைத்திருப்பார்.

இனி பென்சில் கதை. சீவுவதற்கு முன் ஒவ்வொரு துண்டோடும் ஒரு சின்னக் காகிதச் சீட்டு போகும். இன்ன உறுப்பு, இன்ன தேதி. துண்டும் சீட்டும் சேர்ந்தே சாராயத்தில், அதாவது ஆய்வக ஆல்கஹாலில், ஊறி, மெழுகில் இறங்கும். அந்தச் சீட்டைப் பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துபோகும். "ஊரெல்லாம் பென்சில்னா அழியும்பாங்க, பேனான்னா நிக்கும்பாங்க. இங்க தலகீழுங்க சார்." புதிதாக வரும் எல்லோருக்கும் அக்கா சொல்கிற முதல் வாக்கியம் இது. எனக்கும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், தை மாதம். ஓடிப்போய் பஸ் ஏறியதில் கொண்டை அவிழ்ந்து மூன்று பென்சிலும் ரோட்டில் விழுந்துவிட்டன. அக்கா வந்து சேர்ந்தபோது பாட்டிலில் ஒரே ஆட்டின் கணையமும் காதோர எச்சில் சுரப்பியும் இருந்தன. "சார், பென்சில் இருக்குங்களா?" என்னிடம் ஏது? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். "இப்போதைக்கு இதுல எழுதுங்கக்கா, அப்பறம் மாத்திக்கலாம்." அதற்குள் துறைத் தலைவர் நஞ்சுண்டன் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கூப்பிட்டால் தாமதிக்கக் கூடாது. அக்கா இரண்டு சீட்டையும் என் பேனாவால் எழுதிப் போட்டுவிட்டு ஓடினார். அப்புறம் மாற்ற அவருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சாராயத்திலிருந்து எடுத்தபோது இரண்டு சீட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. "எழுத்துப் போச்சுங்க சார்" என்று வந்து நின்றார். "போனா என்னக்கா, சீவிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

தெரியும்தான். ஆனால் அவை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் செல்கள் திராட்சைக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். அடியில் நீலம், நுனியில் சிவப்புப் பொடி. கணையத்தில் மட்டும் அந்தக் கொத்துகளுக்கு நடுவே வெளிறிய திட்டுகள் இருக்கும். இன்சுலின் சுரக்கும் தீவுகள். அதை வைத்துத்தான் கணையம் என்று சொல்ல முடியும். அக்கா முதல் தகட்டில் ஒரு வெளிறிய திட்டைப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்ப்பதற்குள் மறுபடியும் நஞ்சுண்டன். தீவுதான் என்று முடிவு செய்து, அதைக் கணையம் என்றும் மற்றதை எச்சில் சுரப்பி என்றும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். அது சாயம் சரியாகப் பிடிக்காத வெறும் இடம்.

ஆவணியில் செய்முறைத் தேர்வு. பத்து நுண்ணோக்கிகள், நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். ஒவ்வொன்றிலும் என்ன உறுப்பு என்று எழுத வேண்டும். ஒன்பதாவதில் அக்கா கணையம் என்று பதிந்த அந்தத் தகடு. நஞ்சுண்டன் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பார்த்தார். நானும் பார்த்தேன். பதிவேட்டில் எழுதியிருந்ததைத்தான் மூன்று பேரும் பார்த்தோம். பிள்ளைகளும் ஆறு மாதமாக அதே தகட்டைக் கணையம் என்று படித்தவர்கள், அப்படியே எழுதினார்கள். ஒரே ஒருவன் காதோரச் சுரப்பி என்று எழுதினான்.

அவன் ஆறுச்சாமி. கருமத்தம்பட்டியில் நாலு தறி ஓட்டுகிற வீடு. மூன்றாவது தடவையாகத் தேர்வு எழுதுகிறான். இதில் போனால் படிப்பு வேண்டாம், தறியைப் பார் என்று அப்பா சொல்லிவிட்டார். பழைய மாணவன் ஆனதால் இந்த வருஷ வகுப்புக்கு அவன் வரவில்லை. அந்தத் தகட்டை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறான். மதிப்பெண்ணைக் கூட்டியபோது அவனுக்குத் தேற ஒன்று குறைந்தது. தேர்வாளருக்கு நாலு மணிக்கு ரயில். பட்டியல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

நுண்ணோக்கிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், கதவோரம் நின்றிருந்த ஆறுச்சாமி சொன்னான்: "ஒம்போதுல தீவே இல்லீங்கக்கா. பூராத் தேடிப் பார்த்துப்போட்டேன்."

"இருக்கும் கண்ணு, நீ சரியாப் பாத்திருக்க மாட்ட" என்றபடி உறையைக் கழற்றிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தகட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தினார். ஓடிப்போய் எச்சில் சுரப்பி என்று பெயர் போட்ட தகட்டை எடுத்து வந்து வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் கண்ணை வைத்தேன். வெளிறிய தீவுகள், ஒன்றுக்கு நாலாக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, பட்டியல் முடிஞ்சிருச்சு" என்றேன். எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று சொல்லும்போதே தெரிந்தது. "சொன்னா உங்களுக்கு மெமோ. வர்ற மாசம் பதவி உயர்வு லிஸ்ட்டு வேற."

"பையன் பாத்ததைப் பாத்தபடி எழுதியிருக்கானுங்க சார். பாக்காதது நாமதானுங்க" என்றார். இரண்டு தகடுகளையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நேரே தலைவர் அறைக்குப் போனார். வழக்கத்துக்கு மாறாக ஓடவில்லை. கையில் கண்ணாடி இருந்ததே. நான் பின்னால் போனேன்.

நஞ்சுண்டன் முதலில் தகட்டைப் பார்க்கவே மறுத்தார். "ஏம்மா, நாங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போடற நேரத்துல ஒரு டெக்னீஷியன் வந்து பாடம் எடுக்கறதா?" அக்கா அசையவில்லை. "பாருங்க சார். பாத்துப்போட்டு என்னைய என்ன வேணாலும் வையுங்க." தேர்வாளர்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்து குனிந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டியலை வாங்கி ஒன்பதாம் கேள்வியின் விடையை அடித்துத் திருத்தினார். ஆறுச்சாமி தேறினான். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு மதிப்பெண் போயிற்று. தேறாமல் போனவர் யாரும் இல்லை.

"எப்படி நடந்தது?" என்று நஞ்சுண்டன் கேட்டார்.

"சீட்டை மையில எழுதிப்போட்டேனுங்க. பொறவு பாத்ததும் அரகொறையாப் பாத்துப்போட்டேனுங்க."

யாருடைய பேனா என்று அக்கா சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த அறையில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு வேர்த்தது. "எழுத்துல குடுங்க. உங்க ஃபைலுக்குப் போகும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் தேர்வாளரை வழியனுப்பக் கிளம்பினார்.

அக்கா மெழுகு சீவுகிற திசுக்கூடத்துக்கு வந்ததும் அக்கா என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். "பேனா என்னுதுன்னு நானும் எழுதித் தர்றேன்கா" என்றேன்.

"பேனா உங்குளுதுங்க, கை என்னோடதுங்க. காகிதம் குடுங்க."

வெள்ளைத் தாள் ஒன்றை முன்னால் வைத்தேன். பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குப் போன கை அந்தப் பேனாவையே எடுத்து நீட்டிவிட்டது. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு, கொண்டையிலிருந்து ஒரு பென்சிலை உருவி, நுனியை நாக்கில் தொட்டு, அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி அழுத்தி எழுத ஆரம்பித்தார்.