கடைசி வண்டி பச்சை வேன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. இருட்டில் நடந்ததும் இல்லை. சாயங்காலம், நாலே கால் மணிக்கு.

ஒரு சின்னக் கடலோர ஊரில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தி, முச்சந்தியில் ரவுண்டானா கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால், மிச்சப் பாதியில்தான் இரு பக்க வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு முனையில் 'நில் - செல்' பலகையோடு ஒரு பெண். முக்கால் கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் அவள் தம்பி. இருவர் கையிலும் வாக்கி டாக்கி. ஒருவர் வண்டிகளை அனுப்பிவிட்டு, கடைசி வண்டி எதுவென்று சொல்வார். அது வந்து சேர்ந்த பிறகுதான் மற்றவர் பலகையைத் திருப்புவார். எட்டு மாதமாக ஒரு பிசகும் வந்ததில்லை.

அன்று மூன்றரைக்கே கடலிலிருந்து பனி ஏறிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காலையில்தான் இன்ஜினியர் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். "வண்டிய ரொம்ப நேரம் நிறுத்துறீங்கன்னு புகார் மேல புகார். இன்னும் ஒண்ணு வந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

மணி 4.12. தம்பியின் குரல் கரகரத்தது. "அக்கா, கடைசி வண்டி பச்சை வேன்."

பதினோரு வண்டிகள் வந்தன. வேன் வரவில்லை. அவள் பக்கம் காத்து நின்ற வரிசையில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

4.17. வந்தது.

இன்ஜின் சத்தமே இல்லை. மழையும் இல்லை, ஆனால் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. டக்... டக்... கதவிடுக்குகளில் தண்ணீர் வழிந்தது. உள்ளே இருந்த எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஜன்னலோரம் மஞ்சள் சட்டை போட்ட ஒரு குழந்தை, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்திருந்தது.

அவள் கையை ஆட்டினாள். குழந்தை சிரிக்கவில்லை.

வேன் பனிக்குள் போய்விட்டது. பின்னால் மறுபடி ஹாரன்... பலகையைத் திருப்பினாள். செல்.

காத்து நின்ற வரிசையிலிருந்து ஒரு லாரி போனது. அடுத்து இரண்டு கார்கள்.

நாலாவது... பச்சை வேன்.

அதே வேன். அதே மஞ்சள் சட்டை. இந்தத் தடவை குழந்தை சிரித்தது. டாட்டா காட்டியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" பின்னாலேயே ஓடினாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"தம்பி! பச்சை வேனை நிறுத்துடா!"

"அதைத்தான் அப்பவே அனுப்பிட்டேனேக்கா?"

"இல்லடா... இப்பதான் உள்ள போகுது!"

4.21. கடல் பக்கம் மண் சரிகிற சத்தம்.

ஒரே தடவை.

அப்புறம் அலைச் சத்தம் மட்டும்.

மறுநாள் மத்தியானம்தான் வேனைக் கடலிலிருந்து மேலே தூக்கினார்கள். ஆறு பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. லாரி போன கனத்தில் கரை இளகியிருக்கிறது என்றார்கள். வேன் அதற்கு முன்பே ஒருமுறை தன்னைத் தாண்டிப் போனதாக அவள் சொன்னதைப் போலீஸ்காரர் எழுதிக்கொள்ளவே இல்லை.

அதன் பிறகு அவள் பலகையைத் தொடவில்லை. "நான் திருப்பாம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள்.

ஒன்பதாம் நாள் தம்பியால் தாங்க முடியவில்லை.

"உன் மேல தப்பில்லக்கா. நான் அனுப்பும்போதே ஏதோ சரியில்ல. உள்ள பார்த்தேன். ஏழு பேர் இருந்தாங்க."

"ஏழா? ஆறு பேர்தானே எடுத்தாங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பனியில கண்ணு ஏமாத்துதுன்னு அனுப்பிட்டேன். பின் சீட்டுல... நீ உக்காந்திருந்தே."