பொத்தானுக்கு ஒரு சட்டை

அந்தத் தெருவில் பள்ளிக்கூடச் சட்டை தைக்க வேண்டுமென்றால் எல்லாரும் வந்து நிற்பது தையலக்காவின் முன்னறையில்தான். முப்பது வருடமாக மிதித்து ஓட்டும் மிஷின். அதன் மிதிகட்டையில் தாடையை வைத்துக்கொண்டு தூங்குவதுதான் பொத்தானுக்கு முழுநேர வேலை. குட்டியாய் இருந்தபோது யாரோ சாக்குப்பையில் போட்டு அக்காவின் வாசலில் விட்டுப்போன பெட்டை நாய் அது. வந்த அன்றே கீழே கிடந்த சட்டைப் பொத்தானை விழுங்கி இரண்டு நாள் அக்காவைக் கதிகலங்க வைத்தது. மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டியது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அந்தப் பொத்தானுக்கு இன்று கருத்தடை ஆபரேஷன்.

முந்தின இரவிலிருந்து சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே பொத்தான் வீட்டைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கும் ஒரு வாய் டீ இறங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் மட்டும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றார். பொத்தான் கதவிடுக்கில் மூக்கை நுழைத்து ஒரே குரைப்பு.

"வெளிய வாங்க! பிள்ளை பட்டினி கிடக்கையில உங்களுக்கு எப்படிங்க தொண்டையில இறங்குது?"

"ஆபரேஷன் எனக்கில்லையே! நீ ஏன் வயித்தைக் காயப்போடுற?"

"எனக்குள்ள என்னென்னமோ நிறைஞ்சு கிடக்கு. அதுக்கு மேல எங்க இடம்?"

உண்மைதான். பயமா, பரபரப்பா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடினாள், கையில்தான் இருந்தது. துணிப்பையை மட்டும் மறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் நாய் தையலை நக்காமல் இருக்க உடம்பை மூடி ஏதாவது போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், "அதை நான் தைச்சுக்கறேன்" என்று முந்திக்கொண்டவள் அவள். டேப் வைத்துக் கழுத்து, மார்பு, நீளம் எல்லாம் அளந்து, பிள்ளைகளின் அளவு எழுதும் நோட்டிலேயே பொத்தானின் அளவையும் எழுதியிருந்தாள். பழைய பருத்தித் துணியில் சட்டை தயார். பின்னங்காலில் கட்ட நாடாவும் உண்டு. பொத்தான்கள் தைப்பதுதான் பாக்கி.

இருவரும் பொத்தானோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் உதவியாளர் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். பொத்தான் நாலடி நடந்து திரும்பிப் பார்த்தது. அக்கா இரண்டு எட்டு பின்னாலேயே போய் நின்றாள். பிழைத்து வருமா என்ற கவலை ஒரு பக்கம். வந்தாலும், "நீயும் என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று நினைத்துவிடுமோ, பழையபடி மடியில் ஏறுமோ மாட்டாதோ என்ற கவலை அதைவிடப் பெரிதாய்.

"ஒண்ணரை மணி நேரம் ஆகும்மா. வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்" என்றார் டாக்டரம்மா.

"நான் இங்கேயே ஒரு ஓரமா இருக்கேன் டாக்டரம்மா. சத்தம் போட மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். மூன்றாவது தடவையில்தான் நுழைந்தது. சட்டைக்கு ஒன்பது பொத்தான். ஒவ்வொன்றைத் தைக்கும்போதும் கடவுளிடம் ஒரு வார்த்தை சொன்னாள். மருந்து ஒத்துக்கொள்ளட்டும் என்று ஒன்றுக்கு. டாக்டரம்மாவின் கை நடுங்காமல் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு. நாலாவது பொத்தானில், 'இனிமே அவளைத் திட்டவே மாட்டேன் சாமி' என்று சொல்லிவிட்டு, நடக்காத காரியத்தைச் சாமியிடம் சொல்லலாமா என்று யோசித்து, 'குறைச்சுக்கறேன்' என்று திருத்தினாள். ஊசி ஓட ஓட மூச்சும் ஒரு நிதானத்துக்கு வந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் தன் விரலில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டித் தோலையே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது பொத்தானுக்கு முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கவும் டாக்டரம்மா கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

"நல்லபடியா முடிஞ்சது. சட்டையை எடுத்துக்கிட்டு வாங்க!"

எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டு ஓடியது. யார் அதைப் பார்த்தது! உள்ளே மேஜையில் பொத்தான் அரைக்கண்ணில் படுத்திருந்தது. வயிற்றுத் தையலை அக்கா குனிந்து பார்த்தாள்.

"அடேயப்பா, நூல் பிடிச்ச மாதிரி ஒரே அளவா விழுந்திருக்கே! உங்களுக்கு நல்ல கை டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சட்டையை விரித்தார். சிரிப்பு இன்னும் பெரிதானது. "ஏம்மா, ஒன்பது பொத்தானும் முன்பக்கம் வச்சிருக்கீங்களே! நாய்க்கு முன்பக்கம்னா வயிறு. எல்லாம் தையல் மேலயே வந்து அழுத்தும்!"

அக்கா வாயில் கை வைத்தாள். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தைத்த கை. சட்டை என்றால் முன்னால்தான் திறக்கும் என்று அதுபாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது.

"நான் அப்பவே பார்த்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

"பார்த்துட்டு?"

"புது ஃபேஷன்னு நினைச்சேன்."

உதவியாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? சட்டையைத் திருப்பிப் பிடித்தாள். கால் நுழையும் துளைகள் பக்கவாட்டில்தான், பாதகமில்லை. சட்டையின் பின்கழுத்துதான் தொண்டையைப் பிடிக்கும். கத்தரிக்கோலால் அந்த இடத்தைப் பிறைபோல வெட்டித் தளர்த்தினாள். பொத்தான்கள் முதுகுக்குப் போயின. வயிற்றில் மெத்தென்ற துணி மட்டும்.

முதல் பொத்தானைப் போடும்போது அவள் விரல் நாயின் மூக்கருகே போனது. மிஷின் எண்ணெய் வாசனை அதில் எப்போதும் போகாது. பொத்தானின் மூக்குத் துவாரம் மெல்ல விரிந்தது. ஒருமுறை முகர்ந்தது. இன்னொரு முறை. பிறகு வால் எழுந்து மேஜையில் 'டொக்' என்று விழுந்தது. மறுபடி டொக், டொக்.

"என்னைத் தெரியுதுங்க! பாருங்க, தெரியுது!" அக்கா சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தாள்.

வீட்டுக்காரர் திரும்பிக்கொண்டு, பெயிண்ட் வாடை கண்ணைக் கரிக்கிறது என்றார். அந்த அறைக்குப் பெயிண்ட் அடித்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

அன்று சாயங்காலம் ஒரு அம்மா மகனின் சட்டையை வாங்க வந்தாள். மிஷின் ஓடவில்லை. மிதிகட்டையின் மேல் சட்டை போட்ட பொத்தானின் தாடை.

"இன்னைக்கு முடியாதும்மா, நாளைக்கு வாங்க" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். "முதலாளியம்மா இப்பதான் கண் அசந்தாங்க."