என் தலை, அவன் வேண்டுதல்

ஆட்டை நேர்ந்துவிடுவார்கள், கோழியை நேர்ந்துவிடுவார்கள். என் தலைமுடியை என்னைக் கேட்காமலே முருகனுக்கு நேர்ந்துவிட்டவன், என்னோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவன். எதிரி செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அப்போது நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. இரண்டாம் வருடம். கடலூரிலிருந்து படிக்க வந்தவன். அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை, கீழே வீட்டுக்கார மாமி. அறையின் இன்னொரு பாயில் என் வகுப்புத் தோழன். அவன் பிறந்து வளர்ந்தது ஆற்றோரத்தில். அந்த வீடுகளை இடித்துவிட்டு, குடும்பத்தோடு ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து தினமும் பல்கலைக்கழகம் வந்தால் பாதிப் படிப்பு பஸ்ஸிலேயே முடிந்துவிடும் என்று என்னோடு வந்து ஒட்டிக்கொண்டான். எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரன். புள்ளியியல் மட்டும் அவனுக்கு ஆகாது. முதல் செமஸ்டரில் போனது. அடுத்த தடவை எழுதினான், அதுவும் போனது.

அந்த வருடம் வளாகத்துக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனி அவனைத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிபந்தனை, ஜூன் மாதம் சேரும்போது அரியர் இருக்கக்கூடாது. அவன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவனுடைய அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டார். அரியர் சமாச்சாரத்தைப் பற்றி இவன் வீட்டில் மூச்சே விடவில்லை.

என் முடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு உயரம் இல்லை, குரல் இல்லை, மார்க்கும் சுமார்தான். ஆனால் முடி இருக்கிறதே, அப்படி ஒரு முடி! சுருள்சுருளாக நெற்றியில் வந்து விழும். கொட்டிவாக்கத்திலிருந்து வரும் வகுப்புத் தோழி ஒருத்தி ஒருநாள் கேன்டீனில், “உன் முடி நல்லாருக்குல்ல?” என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அவள் சமோசா சாப்பிடப் போய்விட்டாள். நான் அந்த இடத்தை விட்டு நகர வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தில் படித்திருந்தால் தங்கப் பதக்கமே வாங்கியிருப்பேன்.

நவம்பர் பரீட்சைக்கு முன்னால் ஒரு காலை, நெற்றி நிறைய விபூதியோடு இவன் அறைக்குள் வந்தான். வடபழனிக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

“மச்சி, கோச்சுக்காத. ஒரு வேண்டுதல் வெச்சுக்கினேன்.”

“நல்லதுதானே.”

“ஸ்டாட்ஸ் பாஸானா மொட்டை.”

“போட்டுக்கோடா. வெயிலுக்கும் நல்லது.”

“எனக்கு இல்ல மச்சி. உனக்கு.”

என் கையிலிருந்த டீ பாயில் கொட்டியது. “ஏன்டா, உன் தலைக்கு என்னடா கேடு?”

“அது ஏற்கெனவே புக் ஆயிடுச்சு. வேலைல சேந்தா திருப்பதில மொட்டைன்னு அம்மா வேண்டிக்கிச்சு. ஒரே தலைய ரெண்டு சாமிக்கு எப்டி குடுக்கறது? தப்பு இல்ல?”

என்ன நியாயவான்! “அதுக்கு என் தலைதான் கிடைச்சுதா?”

“சாமிக்குக் குடுத்தா நல்ல பொருளா குடுக்கணும் மச்சி. நம்ம ரூம்ல நல்ல பொருள்னு இன்னா கீது? அந்த ஓட்ட ஃபேனா? உன் முடி ஒண்ணுதான்.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்து தொலைத்தது.

தீர்ப்புக்காக அவனைக் கீழே மாமியிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வழக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, “கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதையான்னா இருக்கு!” என்று அவனை முறைத்தார். எனக்கு உயிர் வந்தது.

“அப்போ செல்லாதுதானே மாமி?”

“யார் சொன்னா செல்லாதுன்னு? எங்க நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகணும்னு எங்க மாமியார் வேண்டிண்டா, நான் அங்கப்பிரதட்சணம் பண்றதா. என்னைக் கேட்டுண்டா வேண்டிண்டா? உருண்டேனே! வேண்டிண்டா வேண்டிண்டதுதான்டா.”

“பூமுடி மாதிரி ஓரமா கொஞ்சம் கத்தரிச்சுக் குடுத்துட்டா போதாதா மாமி?”

“அது பொம்மனாட்டிகளுக்கு. நீ வழிச்சுத்தான் ஆகணும்.”

அதற்கு மேல் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? முருகனே தன் கட்சி என்பதுபோல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு.

இதில் பெரிய கொடுமை, அவனுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்ததே நான்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்காரவைத்து, கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் காக்காய்களை வைத்து சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் நடத்தினேன்.

“சராசரி புரியுது மச்சி. எல்லாரும் சராசரியாவே இருந்துட்டுப் போவட்டுமே. எதுக்கு விலகுறாங்க?”

ஒருநாள் நிகழ்தகவு நடத்தினேன். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. “இரு, இரு. நான் பாஸாவுற நிகழ்தகவை ஒண்ணுலேர்ந்து கழிச்சா, உன் முடி தப்பிக்கிற நிகழ்தகவு. கரெக்டா?”

கரெக்ட். அவன் வாழ்க்கையில் சரியாகப் போட்ட முதல் புள்ளியியல் கணக்கு அதுதான். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, அதே கையால் என் முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் முடிவு வந்தது. அவன் செல்போனை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். பார்த்தேன். ஃபெயில்.

குதித்திருக்க வேண்டும் நான். முடி பிழைத்துவிட்டதே! ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை. சொல்லிவைத்தாற்போல அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. “ஆமாம்மா, ஜூன்ல சேரணும். எல்லாம் ஓகேம்மா. துன்னேன்மா, நல்லா துன்னேன்” என்று பேசிவிட்டு வைத்தான். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

“விடு மச்சி. உன் முடியாச்சும் தப்பிச்சுதே.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பாவி, மனதாரச் சொன்னான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே வடபழனிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

முடி இறக்குகிறவர் என் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். “இன்னாபா, யாருக்கு வேண்டுதல்?”

“ஃப்ரெண்டுக்குண்ணா. பரீட்சைல பாஸானா மொட்டைன்னு.”

“பாஸா?”

“ஃபெயில்ணா.”

கத்தி பாதி நெற்றியில் நின்றது. பக்கத்தில் வழித்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். “ஃபெயிலுக்கு எவனாவது மொட்டை போடுவானா?”

“ஏப்ரல்ல மறுபடி எழுதுறான்ணா. இது முன்கூட்டியே.”

“நல்லா இருங்கடா” என்று சொல்லிவிட்டு வழித்தார். சுருள் சுருளாக மடியில் விழுந்தது.

சந்தனம் பூசிய தலையோடு நான் படியேறியபோது அவன் வாயைத் திறந்தவன் மூடவே இல்லை. மாமி கீழேயிருந்து எட்டிப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். “அடப்பாவி! காரியம் ஆறதுக்கு முன்னாடியே குடுத்தா அதுக்குப் பேர் லஞ்சம்டா. அதெல்லாம் வேண்டுதல் கணக்குல சேராது.”

மறுநாள் வகுப்பில் ஆளாளுக்கு “பழனியா, திருப்பதியா?” என்றார்கள். கொட்டிவாக்கத்துக்காரி வந்தாள். ஓடி ஒளிய இடமில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, “தடவிப் பாக்கட்டுமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தடவியும் விட்டாள். “சூப்பரா இருக்கு!” என்று தோழிகளையும் கூப்பிட்டாள். எண்ணெய் தேய்த்து வளர்த்த காலத்தில் ஒரு விரல்கூடப் படாத தலை இது. கருமம், இது தெரிந்திருந்தால் முதல் செமஸ்டரிலேயே போட்டிருப்பேன்.

அவன் அதற்குப் பிறகு படித்த படிப்பு வேறு. என் மொட்டையைப் பார்க்கும்போதெல்லாம் புத்தகத்தை எடுத்தான். நான் தூங்கினாலும் என் தலை அவனை முறைத்துக்கொண்டிருந்ததாம். ஏப்ரலில் எழுதினான்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், படியில் தடதடவென்று சத்தம். “மச்சி! பாஸ்! பாஸ் மச்சி!” கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். மாமி சர்க்கரை டப்பாவோடு மூச்சு வாங்க மேலே வந்து இரண்டு பேர் வாயிலும் கொட்டினார். அவன் வீட்டுக்குப் போன் போட்டான். “அம்மா, ஒரு அரியர் இருந்துச்சும்மா... இல்லம்மா, இப்ப இல்லம்மா” என்று ஆரம்பித்து, அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். அவன் அம்மா அந்தப் பக்கம் திட்டியது எனக்கே கேட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு அவன் பார்வை மெல்ல என் தலைக்கு வந்தது. அப்போதுதான் சீப்பு நிற்கும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. சுருளும் விழ ஆரம்பித்திருந்தது.

“மச்சி, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?”

“சொல்லாதே. தெரியும்.”

“போன தடவ நீ போட்டது ஃபெயிலுக்கு. நான் வேண்டிக்கினது பாஸானா...”

“வேண்டிண்டா வேண்டிண்டதுதான்!” என்றார் மாமி.

நான் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வடபழனியில் அதே ஆள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “மறுபடியுமா? இந்தத் தடவ பாஸா, ஃபெயிலா?”

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து இவன் கத்தினான். “பாஸ்ண்ணா!” அங்கே தலையை நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே என் தலையில் தண்ணீரை ஊற்றினார். இவன் குனிந்து, அவர் காதருகில், எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னான்.

“பாத்து எடுங்கண்ணா. எங்க ரூம்லயே நல்ல பொருள் அதுதான்.”