வால்வைப் பிடுங்க விடமாட்டேன்

போன வாரம் ஒரு டீக்கடையில் நின்று வால்வு வேகவைத்தேன்.

முட்டை இல்லை, வால்வுதான். இன்ஜினுக்குள் இருக்குமே… தண்ணீர் சூடானால் திறக்கும், ஆறினால் மூடும். புத்தகத்தில் தெர்மோஸ்டாட் என்று போட்டிருக்கும். பட்டறையில் வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்காக ஒரு வாரம் முழுக்கச் சண்டை போட்டேன் என்றால் நம்புவீர்களா?

சண்டை என்னுடையது. வண்டி ஈஸ்வரி அத்தையுடையது.

அத்தை அப்பாவின் தங்கை. கோம்பைப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். பறித்த பழத்தைப் பிக்கப்பில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு மலையேறி, குமுளியில் மலையாளக் கடைக்காரரிடம் தானே பேசி விற்பவர். தோட்டத்துக்கே வந்து விலை சொல்லும் வியாபாரிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அவுக சொல்ற விலைக்குத் தலையாட்டவா நான் லைசென்ஸ் எடுத்தேன்?" என்பார்.

இரண்டு மாதத்துக்கு முன் மலையில் வண்டி கொதித்து, இன்ஜின் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. வண்டியைத் தள்ளிவிடச் சொல்லி வீட்டில் ஆளாளுக்கு யோசனை. தள்ளிவிட்டால்? மறுபடி தோட்டத்து வாசலில் நின்று வியாபாரியின் பைக் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். அத்தை எனக்கு போன் போட்டார். குடும்பத்தில் மெக்கானிக்கல் படித்தது நான் ஒருத்திதான். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பம்ப் படம் வரைகிறேன் என்பது வேறு விஷயம்.

நானும் சும்மா இருக்கவில்லை. அதே கம்பெனியின் கொஞ்சம் பெரிய டீசல் இன்ஜினை, விபத்தில் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து பிடித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்னனுமதி, அது இது என்று அலைந்த கதையைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. அத்தை கேட்டது ஒன்றே ஒன்று.

"மருமகளே, எனக்கு ரேடியேட்டரும் தெரியாது, விசிறியும் தெரியாது. வியாழக்கிழமை முதல் பறிப்புப் பழம் மேல போகணும். அதுக்கு மேல கொடியில நிக்காது. போகுமா, போகாதா?"

போகும் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது அந்த வார்த்தை!

இன்ஜினைத் தூக்கி உள்ளே வைப்பதைவிட, வைத்த இன்ஜினைக் கொதிக்காமல் வைத்திருப்பதுதான் பாடு. பழைய ரேடியேட்டர் பழைய இன்ஜினின் சூட்டுக்கு அளவெடுத்துச் செய்தது. புதியதற்குப் பத்தாது. எனவே புது இன்ஜினுக்குரிய ரேடியேட்டரையே வாங்கி, தாங்கிகளை நகர்த்தி உட்கார வைத்தோம். போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட். இதுவரை தகராறு இல்லை.

தகராறு வால்வில் ஆரம்பித்தது. தேனியில் கம்பம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் தங்கராசு அண்ணன்தான் வேலை பார்த்தார். கெட்டிக்காரர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்தப் போல்ட் லூஸ் என்று சொல்வார். ஆனால் வால்வைக் கண்டால் பிடுங்காமல் இருக்க அவரால் முடியாது. அலமாரியில் ஒரு பெயின்ட் டப்பா நிறைய, இதுவரை பிடுங்கிய வால்வுகள்.

"பாப்பா, இது பனி பெய்யுற நாட்டுக்காரன் மாட்டி விட்டது. நம்ம வெயிலுக்கு எதுக்கு? பிடுங்கிப் போட்டா தண்ணி தடங்கல் இல்லாம ஓடும்."

பெண் என்பதால் சொன்னாரா என்றால், இல்லை. யார் கொண்டுவந்த வண்டி என்றாலும் அவர் பிடுங்குவார். அந்த விஷயத்தில் சமத்துவவாதி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த இன்ஜினில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்குப் போகிறது. இன்னொன்று ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழி. சூடேறியதும் இந்த வால்வு முதல் வழியைத் திறந்து, இரண்டாவதை அடைக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ஆறாமலே திரும்பி வரும். குறுக்கு வழி திறந்திருக்கும்போது சுற்று வழியில் போக நாமே யோசிப்போம்… தண்ணீர் யோசிக்காதா?

இதைச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பானரை எடுத்தார்.

அதனால்தான் டீக்கடை. வால்வைப் பறித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய், முட்டை அவிக்கும் சட்டியில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. மறுபடி போட்டேன். திறந்தது.

"பார்த்தீங்களாண்ணே? சூட்டுக்குத் திறக்குது. அடைக்கல."

"டீக்கடையில திறக்கும் பாப்பா. மலையில திறக்கணுமே" என்றார் அண்ணன். கடைக்காரர் அவர் பங்குக்குச் சட்டியை இரண்டு முறை கழுவச் சொன்னார்.

ஆனாலும் வால்வு உள்ளே போனது. நான் ஜெயித்தேன்.

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல பத்தி. ஆனால் நான் அடுத்து ஒரு காரியம் செய்தேன். அதை எழுதாமல் விட்டால் நீங்களே கண்டுபிடித்துக் கடிதம் போடுவீர்கள்.

இன்ஜினோடு வந்த விசிறி, இன்ஜினே சுற்றும் பெரிய விசிறி. அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு வரும். ரேடியேட்டரின் முழு அகலத்திலிருந்தும் விசிறி காற்றை உறிஞ்ச அதுதான் உதவி. அந்தக் கூண்டு அத்தை வண்டிச் சட்டத்தில் இடித்தது. எனக்கு ஒரே அவசரம். கூண்டையும் விசிறியையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, ஒரு காரின் எலக்ட்ரிக் விசிறியை வாங்கி மாட்டினேன். மாடர்ன்! சத்தமில்லை! பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். சூடு காட்டும் முள் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை, மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சோதனை ஓட்டம். அத்தை ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் தங்கராசு அண்ணன். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. செகண்ட் கியர். முள் பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. சிவப்பைத் தொடுவதற்குள் அத்தை ஓரங்கட்டிவிட்டார்.

அத்தை இறங்கி, வண்டியைப் பார்க்காமல், கீழே தெரிந்த தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தப்பு எங்கே என்று பானட்டைத் திறந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அந்த எலக்ட்ரிக் விசிறி ரேடியேட்டரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மறைத்தது. மீதிப் பரப்பில் யார் காற்றை இழுப்பது? ஓடும் வேகத்தில் காற்று தானாக வரும்; செகண்ட் கியரில் ஊர்ந்து ஏறும்போது எங்கிருந்து வரும்? பட்டறை வாசலில் நின்ற வண்டிக்குப் பாரமும் இல்லை, ஏற்றமும் இல்லை. முள் ஏன் அசையப்போகிறது?

"விசிறி என் தப்பு அத்தை" என்றேன். வாய் கூசவில்லை.

அண்ணனுக்கு அது போதவில்லை. "விசிறி மட்டுமா? நான் அன்னைக்கே சொன்னேன்ல. வால்வையும் பிடுங்கிருவோம்."

இதைத்தான் இந்த வாரம் உங்களிடம் பேச நினைத்தேன். ஒரு விஷயத்தில் தப்பை ஒப்புக்கொண்டால் உடனே மிச்சமெல்லாம் தப்பாகிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? கணக்கில் ஒரு கேள்வி தப்பென்றால் தமிழ் பேப்பரையும் சேர்த்தா திருத்துவார்கள்? சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் சோறும் வேகவில்லை என்பார்களா? சொல்வார்கள். நம் வீடுகளில் சொல்லத்தான் சொல்கிறார்கள்!

"விசிறியை மாத்துறேண்ணே. வால்வுல கை வச்சா நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றேன்.

அத்தை திரும்பினார். "ஏறாம எங்க போற? வியாழக்கிழமை என் பக்கத்துல உக்காரு. கொதிச்சுச்சுன்னா பழத்தை நீ சுமந்துக்கிட்டு வா."

வால்வு இருக்கட்டும் என்று அர்த்தம்.

இரண்டே நாள். பெரிய விசிறியைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. கூண்டு? ரெடிமேடில் இந்த வண்டிக்கு எதுவும் பொருந்தவில்லை. தேனியில் ஏர்கூலர் பெட்டி செய்யும் ஒருவரிடம் போனேன். அட்டையில் வெட்டிய மாதிரியை நீட்டி, விளக்க வாயெடுத்தேன்.

"காத்து பக்கவாட்டுல கசியக் கூடாது, அம்புட்டுத்தானே?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தகரத்தை மடித்து, சட்டம் இடிக்கும் மூலையைச் சாய்த்து, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, புதன்கிழமை மாலை கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை. பழப்பெட்டிகள் ஏறின. அத்தை சாமி கும்பிட்டார். நான் முள்ளைக் கும்பிட்டேன்.

ஏற்றத்தில் ஒரு வளைவு தவறாமல் வண்டிகள் பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்றன. டிரைவர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முள் பாதியைத் தாண்டியது. அத்தை என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். திடீரென்று முன்னால் ஹோவென்று ஒரு இரைச்சல். அத்தையின் கால் பிரேக்குக்குப் போனது.

"மிதிக்காதீக அத்தை. விசிறி இப்பத்தான் முழுசாச் சுத்துது. சூடு ஏறினாத்தான் இன்ஜின் அதை முழு வேகத்துல பிடிச்சுச் சுத்தும்."

முள் அரை இழை இறங்கியது. அங்கேயே நின்றது. குமுளி வரைக்கும் அங்கேயே நின்றது. அத்தை கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "சேட்டா, பழத்தைத் தொட்டுப் பார்த்துட்டு விலை சொல்லு" என்று ஆரம்பித்தபோது அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மாலையில் தேனிக்குத் திரும்பியதும் தங்கராசு அண்ணன் பானட்டைத் திறந்தார். ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். கூலன்ட் அளவு பார்த்தார். குறையவில்லை. மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு மேகமா இருந்துச்சுல்ல பாப்பா. அதான்."

விசிறிக்காக நடு மலையில் தலை குனிந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வால்வுக்காகவும் குனியச் சொன்னால் மட்டும் நடக்காது. அத்தையிடம் பேசிவிட்டேன். அடுத்த லோடு சனிக்கிழமை, சரியாக உச்சிப்பொழுதில் மலையேறுகிறது. அண்ணனுக்கு ஓர சீட் போட்டாகிவிட்டது.

வெயில் மட்டும் வராமல் இருந்துவிடக் கூடாது.