கீழே விட்ட கானா பெட்டி

1. மழை

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. கழிவறைக் குழாய் வழியாக மேலெழும்பி வந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும்.

அடையாறில் ஒரு சிறிய அரசு ஒலிப்பதிவுக் காப்பகத்துக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். கச்சேரி, நாடகம், கூத்து, தெருப்பாட்டு என்று அரசாங்கம் பல வருடங்களாகப் பதிவு செய்த ஸ்பூல் என்ற நாடாச் சுருள்களும் கேசட்டுகளும் எங்கள் தரைத்தளக் கிடங்கில் இருந்தன. அன்று வேலைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, இன்னொருவர் பிரான்சிஸ், ஒப்பந்தத்தில் இருந்த ஒலிப்பதிவு டெக்னீஷியன். அவர் வீடு வேளச்சேரி. அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வீட்ல தண்ணி வந்துட்டுதாம் மேடம். புள்ளைங்கள மாடிக்கு அனுப்பிட்டாங்க" என்றார்.

"கிளம்புறீங்களா?"

"எந்த பஸ்ல போறது? வாங்க, தூக்கலாம்."

கிடங்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆபத்து வந்தால் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்ற முன்னுரிமைப் பட்டியல். ஒரு குழு கூடித் தீர்மானித்தது. டைப் அடித்தவள் நான். முதலில் சாஸ்திரிய இசை வித்வான்கள், அடுத்து நாடகம், பிறகு கிராமியக் கலை. கடைசி வரி 'இதர'.

மின்சாரம் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். ஒரு ஸ்பூல் தவறி விழுந்தாலும் விளக்கம் எழுத வேண்டியவள் நான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தண்ணீர் ஒரு சாண் கூடியிருந்தது. முழங்கால் நனைந்தபோது பிரான்சிஸ் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், இந்தக் கானா பொட்டி?"

"அது இதர. வீணை ஸ்பூல் இன்னும் ரெண்டு இருக்கு. அத எடுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டியை ரேக்கில் வைத்துவிட்டு வீணையை எடுத்தார். நாங்கள் திரும்பி இறங்கியபோது கிடங்குக்குள் போக முடியவில்லை. மேசைகள் மிதந்துகொண்டிருந்தன.

2. கண்டம்

நனைந்த பொருள்களைக் கணக்கிலிருந்து நீக்குவதை அலுவலகத்தில் 'கண்டம் பண்ணுவது' என்பார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பட்டியல் தயாரானது. நாற்காலி, பீரோ, மின்விசிறி, அவற்றோடு அந்தக் கானா பெட்டியில் இருந்த, சேறு படிந்த கேசட் பதினொன்று. பயன்படாது என்று சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெற ஐந்து மாதமே இருந்தது. எதையும் பாக்கி வைக்காமல் போய்விட வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். எல்லாவற்றையும் ஏற்றிப் போக வெள்ளிக்கிழமை லாரி வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் அமுலு. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அரசு அங்கே குடியமர்த்துவதற்கு முன் அவர்கள் குடும்பம் ஆற்றோரம் இருந்தது.

"மேடம், எங்க நைனா கானா பாடுவாரு. சாவு வூட்ல அவர தான் கூப்புடுவாங்க. நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல கவுருமென்ட்டு ஆளுங்க மைக்கு எத்துக்கினு வந்து ரெக்காடு பண்ணாங்க. போன மாசம் அவரு தவறிட்டாரு. அந்தப் பாட்டு இங்க கீதுன்னு சொன்னாங்க."

"வேற யார்கிட்டயும் பதிவு இல்லையாம்மா? போன்ல?"

"அவருக்குத் தொண்ட போயி பத்து வருசம் ஆவுது. போன் வரசொல்ல பாட்டு நின்னுபோச்சு."

தேடிப் பார்க்கிறேன், வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. பின்பக்கக் கொட்டகையில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் அந்தப் பெட்டி இருப்பது எனக்குத் தெரியும்.

பிரான்சிஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கேசட்டை ஆட்டிப் பார்த்தார். "டேப் ஒட்டிக்கினு இருக்கும். கேசட்டோட மேல் ஓட்ட மாத்தி, நாடாவ சுத்தத் தண்ணில அலசி, நிழல்ல காய வெச்சுப் பாக்கலாம். கேரண்டி இல்ல மேடம்."

ஆனால் கணக்கிலிருந்து நீக்கிய பொருளைத் தொடக்கூடாது. மேலதிகாரியிடம் போனேன். கெட்டவர் அல்ல; விதியை விட்டு நகராதவர்.

"நீங்களே யூஸ் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப யூஸ் இருக்குன்னா, அன்னிக்குப் பாக்காமலே எழுதினீங்களான்னு ஆடிட்ல கேப்பாங்க."

"பாக்காமதான் எழுதினேன் சார்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "இத எழுத்துல குடுத்தா உங்களுக்கு மெமோ வரும். ரிடையர்மென்ட் ஆர்டர் நிக்கும். யோசிச்சுக்குங்க."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை என்பது என் ஒரே பெருமை. ஒரு மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான்கு வரி எழுதினேன். பொருளைப் பரிசோதிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. சிபாரிசைத் திரும்பப் பெறுகிறேன். மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன்.

3. இருபது நிமிடம்

பிரான்சிஸ் ஒன்றரை நாள் வேறு எதையும் தொடவில்லை. அலுவலகத்து ஜன்னலோரம் முழுக்க நாடா தொங்கியது. பதினொன்றில் நான்கு பிய்ந்தே போயின. மீதியில் எது அமுலுவின் அப்பா என்று தெரியாது. லேபிள் மை கரைந்திருந்தது.

வியாழக்கிழமை அமுலு வந்ததும் ஒவ்வொன்றாக ஓட்டினோம். முதல் மூன்றில் யார் யாரோ. நான்காவதில் ஓர் இருமல் கேட்டது. அமுலு கையை உயர்த்தினார்.

பாட்டு மங்கலாக வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவதுபோல. இறந்துபோன யாரோ ஒரு மீன்காரம்மாவைப் பேர் சொல்லி வழியனுப்பும் பாட்டு. இருபது நிமிடம் ஓடியது. பிறகு வெறும் இரைச்சல்.

"கொரலு தேஞ்சி கீது. ஆனா அவருதான்" என்றார் அமுலு. பிறகு கேட்டார்: "அந்தாண்ட பக்கம்?"

"போயிடுச்சும்மா."

"மழையிலயா?"

மழை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். பிரான்சிஸ் தரையைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிய அன்னிக்கு இவர் கையில தூக்கிட்டாரு. நான்தான் வைக்கச் சொன்னேன். லிஸ்ட்ல இது கடைசில இருந்துச்சு."



"ஆத்தாண்ட எங்க வூட்ட இடிக்க வரசொல்லவும் லிஸ்டு வெச்சிகினுதான் வந்தாங்க மேடம்" என்றார் அமுலு. "அதுல எங்க பேரு மொதல்ல இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. பிரான்சிஸ் பாட்டை அமுலுவின் போனில் ஏற்றிக் கொடுத்தார். அமுலு நன்றி சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். ஓய்வு ஆணை மூன்று வாரம் தாமதமாக வந்தது. நான் பயந்தது இந்த மூன்று வாரத்துக்குத்தான்.

அன்று நாங்கள் மாடிக்கு ஏற்றிய வீணை ஸ்பூல்களுக்கு வேறு இரண்டு இடங்களில் பிரதி இருந்தது என்பதைப் பிறகு பதிவேட்டில் பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எது பெரிய கலை என்று குழு கூடிப் பேசட்டும். தண்ணீர் ஏறும்போது நீங்கள் கேட்க வேண்டியது, இது போனால் வேறு எங்காவது இருக்கிறதா என்பதுதான். அதை மழைக்கு முன்பே, வெயில் காலத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள்.