ஊற்று நீரின் நிறம்

நான் பார்த்தேன். ஆபத்து என்று அறிந்தேன். அறிந்துகொண்டே, நல்லது என்று எழுதிக் கொடுத்தேன்.

இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்கு விருப்பமில்லை. வாசித்து முடித்ததும் என்னை மன்னித்துவிடாதீர்கள். மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த உரிமை உள்ள ஒருவர் துணுக்காய்ப் பக்கம் ஒரு குளக்கட்டின் கீழே குடியிருக்கிறார்... அவரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது போய் அவரிடம் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் நல்லதுதானே என்கிறீர்களா? அதையேதான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் சொல்ல மாட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்பது இதிலிருந்தே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

என் தொழில் மதிப்பீடு. வெளிநாட்டு உதவியில் வன்னியில் நடக்கும் சுற்றாடல் திட்டங்கள் உருப்படியாக நடந்தனவா, சனத்துக்கு நன்மை தந்தனவா, நீடித்து நிற்குமா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவேன். நிலைபேறான அபிவிருத்தி! எத்தனை அறிக்கைகளில் இந்தச் சொற்களை எழுதியிருப்பேன்... இப்போது எங்கேயாவது ஒரு பதாகையில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாகனம் வரப்போகிறது என்று ஊருக்கு முன்கூட்டியே தெரியும். பொதுநோக்கு மண்டபத்தில் கதிரைகள் போட்டிருப்பார்கள். சோடாவும் பிஸ்கட்டும் வரும். திட்டத்தால் என்ன நன்மை என்று நான் கேட்பேன். "நல்ல நன்மை மிஸ்" என்பார்கள். குறை சொன்னால் அடுத்த திட்டம் அயலூருக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். குறை எழுதினால் அடுத்த மதிப்பீட்டுக்கு வேறொருவரைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பயந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, சோடா குடிப்போம்!

அந்த ஊருக்கு நான் முதலில் போனது கடும் கோடையில். குளத்தைப் புனரமைத்து, அதன் மண்கரையான கட்டை உயர்த்தியிருந்தார்கள். அதே திட்டத்தின் சுற்றாடல் பகுதியாக மரநடுகையும் நடந்திருந்தது. திட்ட அலுவலர் ஓர் இளைஞர். மரங்களைக் காட்டுகிறேன் என்று என்னைக் குளக்கட்டின் மேல் ஏற்றினார்.

ஏறியதும் நின்றுவிட்டேன். கட்டின் நெடுகிலும் வேம்பும் மருதும் இடுப்பளவு உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் பனையோலை வேலி.

நான் கிளிநொச்சியில் ஒரு குடியேற்றத் திட்டத்தில் பிறந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் பெற்ற குடும்பம் எங்களுடையது. ஒவ்வோர் ஆண்டும் மாரிக்கு முன் வயல்காரர் எல்லோரும் குளக்கட்டில் கூடுவார்கள். யாருக்கு எவ்வளவு வயல் உண்டோ, அந்த அளவுக்குக் கட்டில் ஒரு துண்டு அவர் பொறுப்பு. புல்லைச் செருக்கி வெட்டுவது பெரியவர்கள் வேலை. முளைத்திருக்கும் கன்றுகளை வேரோடு பிடுங்குவது சிறுபிள்ளைகளான எங்கள் வேலை.

மண்கட்டில் மரம் நிற்கக் கூடாது. வேர் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். காற்றுக்கு மரம் ஆடினால் மண் இளகும். மரம் பட்டுப்போனால் இன்னும் கேடு... வேர் உக்கி, அது கிடந்த இடம் பொந்தாகி, குளத்துத் தண்ணீர் அதற்குள் வழி கண்டுபிடிக்கும். இதைப் படிக்க எனக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. சின்ன வயதிலேயே என் கைக்குத் தெரிந்த விசயம்.

"ஆர் தம்பி, கட்டில மரம் வைக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"சனம்தான் மிஸ் கேட்டது. வேற பொதுக்காணியும் இல்லை. எங்களுக்கும் இவ்வளவு மரம் வைச்சனாங்கள் எண்டு காட்ட வேணும்தானே" என்றார்.

அப்படியா, எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லி எழுதப் போகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான்! அந்த நேரம் ஒரு பெண் வாளியோடு கட்டில் ஏறி வந்தார். எல்லோரும் அவரை மலர் அக்கா என்றார்கள். கட்டின் கீழே, தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் அவர் வீடு. ஒரு வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, இலையில் படிந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவன்தான் மிஸ் என்ர மூத்தவன், சுதன்."

மகன் பின்னால் வருகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வேப்பங்கன்றுதான் நின்றது.

"அங்கால நிக்கிறது ரூபன். அவற்ர மனுசிதான் தண்ணி விடுறவா. அந்த மருது கலா, பள்ளிக்கூடத்தில என்ர மகளோட படிச்சவள்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "எல்லாரும் வருவினம் மிஸ். வந்து கட்டால நடந்து வரேக்க நிழல் வேணும்தானே."

உங்களுக்கு விளங்குகிறதா? அவை இறந்தவர்களுக்காக வைத்த மரங்கள் அல்ல. போர் முடிந்த நாட்களில் காணாமற்போன பிள்ளைகள், கணவன்மார்... அவர்களுக்கு அந்த ஊரில் அந்தியேட்டிக் கிரியை நடக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. அவர்கள் வருவார்கள் என்று வைத்த மரங்கள். அதில் ஒன்றைப் பிடுங்கு என்று சொல்வது, உன் பிள்ளை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

இறங்கி வரும்போது திட்ட அலுவலர் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், உதைக் கிளறாதேங்கோ. அந்தச் சனம் பாவங்கள்."

நான் கிளறவில்லை. சமூகம் முழுமனதோடு பங்கெடுத்த மரநடுகை என்று எழுதினேன். அதோடாவது நிறுத்தினேனா? மற்றக் குளங்களிலும் பின்பற்றத்தக்கது என்றும் சேர்த்தேன்!

இரக்கத்தால் எழுதினேன் என்று நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த யாரால்தான் வேறு விதமாக எழுத முடியும்? ஆனால் இரக்கம் மட்டும்தான் காரணம் என்றால், பின்பற்றத்தக்கது என்று ஏன் எழுதினேன்? அந்த வரியை யாரும் கேட்கவில்லையே! உதவி கொடுத்தவர்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பிடித்தது. என்னைப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேலைக்குக் குறைவே வரவில்லை. மலர் அக்காவின் துயரத்தை எனக்குச் சாக்காக எடுத்துக்கொண்டேன்... இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பல வருடங்கள் கழித்து, பக்கத்து ஊரில் வேறொரு திட்டத்தைப் பார்க்கப் போனேன். திரும்பும் வழியில் மனம் கேட்கவில்லை. வாகனத்தை அந்தக் குளத்துக்கு விடச் சொன்னேன்.

மரங்கள் வளர்ந்துவிட்டன. கட்டின் மேல் நல்ல நிழல். கீழே, மலர் அக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்வீடு எழும்பியிருந்தது. அவர் மகள் தர்சினி கலியாணம் முடித்து அங்கே குடியிருந்தாள். கைக்குழந்தை ஒன்று கட்டின் அடியில் பாயில் படுத்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ், மறக்காமல் வந்திருக்கிறீங்கள்!" என்று மலர் அக்கா என் கையைப் பிடித்தார். "வாங்கோ, ஒரு புதினம் காட்டுறன்."

சுதனின் வேம்புக்கு நேர் கீழே, கட்டின் அடிவாரத்தில் மண் ஈரமாக இருந்தது. நடுவே சின்னதாக ஓர் ஊற்று. அதைச் சுற்றிப் பாத்தி கட்டி வல்லாரை போட்டிருந்தார். பச்சைப் பசேலென்று கிடந்தது.

"மரம் வளந்த பிறகுதான் மிஸ் இந்த ஊத்து வந்தது. கோடைக்கும் வத்தாது. சுதன்தான் எங்களுக்குத் தண்ணி தாறான்."

அது ஊற்றல்ல, வேர் வழியே கட்டைத் துளைத்து வரும் குளத்துத் தண்ணீர். குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிந்து வரும்வரை கட்டு தாங்கும். கலங்கி வந்தால் கட்டின் மண் உள்ளேயிருந்து கரைகிறது என்று அர்த்தம். பிறகு அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, அந்தக் குழந்தைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்! மலர் அக்கா வல்லாரையைப் பிடுங்கிக் கட்டி என் கையில் தந்தார். வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினேன். வீட்டில் அதைச் சம்பலாக அரைத்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குளங்களுக்குப் பொறுப்பான தொழில்நுட்ப அலுவலர் ஒருவரை எனக்குப் பழக்கம். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"மிஸ், உதை நாங்கள் அப்பவே வேண்டாம் எண்டு சொன்னனாங்கள். உங்கட அறிக்கையைத்தான் திட்டக்காரர் எங்களுக்குக் காட்டினவை."

இனி மரங்களை வெட்டினால் என்ன என்று கேட்டேன்.

"இப்ப வெட்டினாலும் பிழை. வேர் உள்ளுக்க உக்கும். கட்டை வெட்டித் திறந்து, வேரை எடுத்து, திருப்பி மண் போட்டு இறுக்க வேணும். வெற்றி எண்டு எழுதி முடிச்ச திட்டத்துக்கு ஆர் மிஸ் திருத்தக் காசு தருவினம்?"

தானும் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதியும் இருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. அவர் கடிதத்தோடு என் பெயரில் ஒரு கடிதமும் போனால் வலுவாக இருக்கும் என்று கேட்டார். என் மதிப்பீடு பிழை என்று நானே எழுத வேண்டும். பார்ப்போம் என்றேன்... இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வவுனியாவில் என் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை விழும் சத்தம் கேட்டால் அயலவர்கள் வயலை நினைத்துச் சந்தோசப்படுவார்கள். எனக்கு அந்தக் குளக்கட்டுத்தான் நினைவுக்கு வரும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் அதன் பக்கத்தை விட்டு எழும்ப மாட்டேன். ஒவ்வொரு மழைக்கும் மலர் அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பேன். சுகம் விசாரித்துவிட்டு, சும்மா கேட்பதுபோல ஊற்றைப் பற்றிக் கேட்பேன். "நல்ல தெளிவு மிஸ், பளிங்கு மாதிரி" என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

மிஸ் எவ்வளவு பாசம் என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறாராம். தர்சினி எனக்குச் சொன்னாள்.

போன மாரியில் பெரிய தாழமுக்கம் ஒன்று வந்தது. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. மத்தியானம் போல எடுத்தேன். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல்.

"குளம் நிரம்பி வான் பாயுது மிஸ்! பாக்க வடிவாக் கிடக்கு."

"ஊத்துத் தண்ணி எப்பிடியக்கா?"

"கொஞ்சம் கலங்கல்தான். செம்மண் மாதிரி வருது. மாரிதானே மிஸ்."

கத்தினேன். தர்சினியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னேன்.

"ஏன் மிஸ்?"

ஏன்... அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "மழை இன்னும் கூடுமாம் அக்கா. ரேடியோவில சொன்னவங்கள்."

"அவளையும் பிள்ளையையும் அனுப்புறன். நான் சுதனைக் கயித்தால கட்டிப்போட்டு வாறன். காத்துக்கு ஒரேயடியா ஆடுறான். விழுந்திடுவான் மிஸ்."

"கட்டில ஏறாதேங்கோ அக்கா! ஏறாதேங்கோ!"

"என்ர பிள்ளையை விட்டிட்டு எப்பிடி மிஸ் போறது?"

தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன். மணி போகவில்லை. கதிரையில் இருக்க முடியாமல் தரையில் இருந்தேன். அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டினேன். கூடவே, கட்டு உடைந்தாலும் என் அறிக்கையை யாரும் தேடக் கூடாது என்றும் வேண்டினேன். இரண்டையும் ஒரே மூச்சில்! எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

கட்டு நின்றது. மழை விட்ட பிறகு அவரே எடுத்தார். குரலில் அப்படியொரு சந்தோசம்.

"சுதன் நிண்டுட்டான் மிஸ்! நான் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு கொப்பு மட்டும்தான் முறிஞ்சது. ஊத்தும் திருப்பித் தெளிஞ்சிட்டுது."

"சந்தோசம் அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முறிந்த கொப்பு இருந்த இடம் பட்டுக்கொண்டு வருகிறதாம். அந்தப் பக்கம் இலை இல்லையாம். போன கிழமை கவலையோடு சொன்னார். "மிஸ், நீங்கள் மரங்களைப் பற்றிப் படிச்சனீங்கள். சுதனுக்கு என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோவன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூரையில் முதல் துளிகள் விழத் தொடங்கிவிட்டன. தர்சினியின் குழந்தை இப்போது நடக்கிறதாம். ஊற்றடியில்தான் எந்த நேரமும் விளையாட்டாம். தொழில்நுட்ப அலுவலர் கேட்ட அந்தக் கடிதத்தில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை... தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். மலர் அக்கா "சொல்லுங்கோ மிஸ்" என்பார்.

நான் தண்ணீரின் நிறத்தைத்தான் கேட்பேன்.